ஓர் ஒலிநாடாவுக்குள் ஓர் ஆண்டு

ஆண்டு முடியும் தறுவாயில் கணக்குப் பார்ப்பது மனித இயல்பு. கடைக்காரர் இருப்பைக் கணக்கிடுகிறார். பங்கு அலுவலகத்தில் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் பக்கங்கள் நிறைவு செய்யப்படுகின்றன. இசையை நேசிப்பவரோ அவ்வாண்டு வந்த பாடல்களில் தம் நெஞ்சில் தங்கியவை எவை என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறார். அண்மைக் காலத்தில் இந்த எண்ணும் வேலையையும் கைப்பேசி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டுவிட்டது. டிசம்பர் நெருங்கும்போது, 'இவ்வாண்டு நீங்கள் அதிகம் கேட்ட பாடல்கள் இவை' என்று வண்ண வண்ணமாக அது காட்டுகிறது. இளைஞர்கள் அதை நண்பர்களுக்கு அனுப்பி மகிழ்கிறார்கள். அம்மகிழ்ச்சியில் குறை காண நமக்கு விருப்பமில்லை. ஆனால் அதிகம் கேட்டது வேறு, அதிகம் விரும்பியது வேறு. பேரக்குழந்தையைத் தூங்க வைக்க ஒரே பாட்டை இருநூறு முறை ஓடவிட்ட பாட்டியிடம், 'இதுவே உங்கள் ஆண்டின் பாட்டு' என்று இயந்திரம் சொன்னால், அவர் சிரிப்பார்.

எண்ணிக்கையை வைத்துப் பாடல்களை வரிசைப்படுத்துவது புதிய பழக்கமும் அன்று. 1952-இல் இலங்கை வானொலியில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியில் அமீன் சயானி வாரந்தோறும் இந்திப் பாடல்களை வரிசைப்படுத்திச் சொல்வார். ஆண்டு முடிவில் அந்த ஆண்டுக்குரிய வரிசையும் வரும். இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் கருத்துமே அதற்கு அடிப்படை. அதுவும் எண்ணிக்கைதான். எனினும் அந்த எண்களுக்குப் பின்னால் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்கியவர்களும், அஞ்சலட்டை வாங்கி முகவரி எழுதித் தபால்பெட்டி வரை நடந்தவர்களும் இருந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் குரலைக் கேட்டவர்கள், 2024-இல் சயானி மறைந்தபோது தம் வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் வருந்தினார்கள்.

நம் பகுதியில் விருப்பத்தை அளக்க வேறொரு கருவி இருந்தது. 1980-களிலும் 1990-களின் முற்பகுதியிலும் பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டைப் பக்கங்களில் பாடல் பதிவு செய்து தரும் சிறு கடைகள் இருந்தன. வெற்று ஒலிநாடா ஒன்றை வாங்கி, வேண்டிய பாடல்களைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டொரு நாளில் பதிவாகிக் கிடைக்கும். (அது சட்டத்துக்கு உகந்த தொழில்தானா என்று அன்று கேட்டவர் எவருமில்லை.) தொண்ணூறு நிமிட நாடா என்றால் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். பாட்டு ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு ஒன்பது, ஆக மொத்தம் பதினெட்டு. பத்தொன்பதாவது பாட்டு எவ்வளவு இனியதாயினும் வெளியேதான் நிற்க வேண்டும். அதை உள்ளே கொண்டுவர விரும்பினால், ஏற்கெனவே எழுதிய ஒன்றை அடிக்க வேண்டும். அப்படி அடிக்கும் கணத்தில்தான் இரசிகர் விமர்சகராகிறார். விருப்பம் என்பது அங்கே ஒரு தீர்ப்பு. அதற்கு விலையும் உண்டு.

அப்படியொரு நாடாவை 1992-ஆம் ஆண்டுக்கென இன்று நாம் நிரப்ப முற்பட்டால் எவை உள்ளே வரும், எவை வெளியே நிற்கும்? அந்த ஆண்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்த் திரையிசையில் இரண்டு காலங்கள் ஒரே ஆண்டில் முகத்தோடு முகம் நின்று பார்த்துக்கொண்டது அப்போதுதான். தேநீர்க் கடைகளில் 'நீ இளையராஜா பக்கமா, புதியவர் பக்கமா?' என்ற கேள்வியும் அவ்வாண்டில்தான் பிறந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட இன்று, அந்தப் பூசலின் சூடு தணிந்து பாடல்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

நாம் எங்கிருந்து கேட்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேட்கும் இடம் தீர்ப்பில் பங்கு கொள்கிறது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த அனகாபுத்தூர், நெசவாளர் ஊர் என்று பெயர் பெற்றது. நைஜீரியாவுக்குக் கப்பலேறிய 'மெட்ராஸ் கைக்குட்டை'த் துணி ஒரு காலத்தில் இங்கே நெய்யப்பட்டது. அந்த வாணிகம் குன்றிய பின்னும் பல வீடுகளில் தறியோசை நிற்கவில்லை. இன்று வாழைநாரிலும் சேலை நெய்கிறார்கள். தறிக்குழியில் கால் மிதியை அழுத்த, கைகள் நாடாவை இங்குமங்கும் ஓட்ட (தறியில் குறுக்கே ஓடும் கருவிக்கும் நாடா என்றுதான் பெயர்), பக்கத்தில் ஒரு சிறு டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருக்கும். அடையாற்றுக்கு அப்பால் விமான நிலையம். நல்ல சரணம் ஒன்று உச்சிக்கு ஏறும் வேளையில் விமானமும் ஏறும். இப்படிக் கேட்டவனுக்குப் பாட்டில் மிஞ்சுவது இரண்டே: மெட்டும் மனிதக் குரலும். நுட்பமான பின்னணி ஓசைகளைத் தறியும் விமானமும் பங்கு போட்டுக்கொண்டுவிடும். நம் பட்டியல் இந்தச் சல்லடையில் சலித்தது.

அவ்வாண்டுப் பொங்கலையொட்டி வந்த இரண்டு படங்களிலிருந்து முதல் பக்கம் தொடங்குகிறது. 'மன்னன்' படத்தில் தாயைப் போற்றி ஜேசுதாஸ் பாடிய பாட்டு, எழுதியவர் வாலி. அது வந்த நாள் முதல் அன்னையர் பற்றிய எந்த விழாவிலும் தவிர்க்க முடியாததாகிவிட்டது. இத்தனை முறை கேட்டும் அது சலிக்கவில்லை என்றால், ஜேசுதாஸ் தாய்ப்பாசத்தை மிகைப்படுத்தி உருகாமல், வழிபாட்டில் நிற்பவரைப்போல் அடக்கத்தோடு பாடியிருப்பதே காரணம். அழுகையை வரவழைக்க வேண்டும் என்று பாடகர் முயலாததால் அது தானே வருகிறது. இதே படத்தில் ரஜினிகாந்த் தம் சொந்தக் குரலில் ஒரு பாட்டுப் பாடினார். அன்று அது பெரும் புதுமை. அவ்வளவோடு அதை விட்டுவிடலாம்.

'சின்னக் கவுண்டர்' படத்தின் 'முத்துமணி மாலை' முதல் பக்கத்தின் இரண்டாவது பாட்டு. எழுதியவர் படத்தின் இயக்குநர் ஆர். வி. உதயகுமாரே. எஸ். பி. பாலசுப்பிரமணியத்துடன் பாடியவர் பி. சுசீலா. 1935-இல் பிறந்த சுசீலாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. கிராமத்துப் பெண் ஒருத்தி கணவனிடம் கொண்ட அன்பையும் கூச்சத்தையும் பாட அந்தக் குரலைத் தேர்ந்தது ஏன்? இளங்குரல்கள் பலவும் கிடைத்த காலமாயிற்றே என்று வினவலாம். பாட்டைக் கேட்டால் விடை கிடைத்துவிடும். சுசீலாவின் குரலில் ஒவ்வொரு சொல்லும் முழு உருவோடு வருகிறது. மெல்லினமும் இடையினமும் தத்தம் இடத்தில் நிற்கின்றன. சொல் தெளிவாக இருப்பதால்தான் அதில் ஏறிய நாணமும் தெளிவாகத் தெரிகிறது. தறியோசைக்கு நடுவில் சொல் சிதையாமல் வந்து சேர்ந்த பாட்டு அது. பாலசுப்பிரமணியம் தம் குரலின் வலிமையைச் சற்றே மடக்கி, சுசீலாவுக்கு இடம்விட்டுப் பாடுகிறார். 2020-இல் அவர் மறைந்தபின் அவருடைய வியத்தகு திறமைகளைப் பலரும் எழுதினார்கள். உடன் பாடுபவருக்கு இடம்விடும் இந்தப் பண்பு அத்திறமைகளில் முதன்மையானது என்பது நம் எண்ணம்.

ஆண்டின் நடுப்பகுதியை விரைந்து கடக்கலாம். 'அண்ணாமலை' வந்தது, தேவாவின் இசையில் பால்காரனாக ரஜினிகாந்த் அறிமுகமாகும் பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. திரையரங்கில் விசிலோடு கேட்க வேண்டிய பாட்டை வீட்டில் தனியே கேட்டால் திருவிழா முடிந்த மறுநாள் பந்தல்போல் தோன்றும். ஆகவே நாடாவில் இடமில்லை. தேவாவே இசையமைத்த 'சூரியன்' படத்தின் 'பதினெட்டு வயது' பாட்டு, கந்தசஷ்டி கவசத்தின் மெட்டைத் தழுவியது என்று அன்றே பேச்சு எழுந்தது. பக்திப் பாட்டின் மெட்டில் காதல் பாட்டா என்று சைவ நண்பர்கள் முகம் சுளித்தார்கள். நாம் அவர்களோடு சேர்ந்து வருந்தலாமென்றால் மனச்சான்று இடம்கொடுக்கவில்லை. புகழ்பெற்ற திரைப்பாட்டின் மெட்டைத் தூக்கிவந்து அதன்மேல் இறைப்புகழ்ச் சொற்களை ஏற்றிப் பாடும் வழக்கம் நம் செபக்கூட்டங்களில் இருந்ததை மறக்க முடியுமா? கடன் இருபக்கமும் வாங்கப்பட்டது. கேட்பவரின் மனம் பாட்டில் நிற்காமல், பழைய பாட்டுக்கு ஓடிவிடுவதே இவ்விரண்டிலும் உள்ள குறை.

ஆகஸ்ட் 15 அன்று மணிரத்னத்தின் 'ரோஜா' வெளிவந்தது. பாலசந்தரின் கவிதாலயா நிறுவனத் தயாரிப்பு. இசையமைத்த ஏ. ஆர். ரகுமானுக்கு வயது இருபத்தைந்து. இதுவே முதல் படம். அதுவரை விளம்பரங்களுக்கு இசையமைத்தும், பிற இசையமைப்பாளர்களின் குழுக்களில் கீபோர்டு வாசித்தும் வந்தவர், கோடம்பாக்கத்தில் தம் வீட்டையொட்டித் தாமே அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இப்பாடல்களை உருவாக்கினார். இந்தச் செய்தி முக்கியமானது. பெரிய கூடத்தில் வயலின்காரர்களும் தபலாக்காரரும் புல்லாங்குழல்காரரும் ஒன்றாக அமர்ந்து ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்த இசையில் ஒரு கூட்டுக் குடும்பத்தின் இரைச்சலும் இணக்கமும் இருக்கும். ரகுமானின் பாடல்களிலோ ஒவ்வோர் ஓசையும் தனியே பதிவாகி, கழுவித் துடைத்து, தனக்குரிய இடத்தில் வைக்கப்பட்டதுபோல் ஒலித்தது. ஓசைகளுக்கு இடையில் வெற்றிடம் இருந்தது. தமிழ்ச் செவிக்கு அந்த வெற்றிடமே புதிது.

எனினும் நம் சல்லடை இந்த அழகில் பெரும்பகுதியைச் சலித்துவிடும் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. 'புது வெள்ளை மழை' நல்ல ஒலிபெருக்கிகளில் கேட்கையில் பனிப்பொழிவுக்குள் நம்மை நிறுத்துகிறது. தறிப்பக்கத்து டிரான்சிஸ்டரில் அதன் பனி உருகிப் போனது. உன்னி மேனனும் சுஜாதாவும் குறையின்றிப் பாடியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டின் உயிர் குரல்களைச் சூழ்ந்துள்ள வெளியில்தான் இருக்கிறது. 'தமிழா தமிழா' பாட்டில் ஹரிஹரன் என்ற புதிய குரலைத் தமிழ் கேட்டது. குரலை ஏற்கிறோம், பாட்டு ஒரு மேடைப் பேச்சின் உரத்த தொனியைவிட்டு இறங்கவில்லை. 'ருக்குமணி' பாட்டில் மூதாட்டிகளும் மணவீட்டுக் கேலியுமாக ஆர்ப்பாட்டம் மிகுதி. 2005-இல் அமெரிக்காவின் 'டைம்' இதழ் உலகத் திரையிசையில் எக்காலத்துக்கும் சிறந்த பத்தில் ஒன்றாக 'ரோஜா'வைச் சேர்த்தது. அந்தப் பெருமையில் நமக்கும் பங்குண்டு. ஆனால் 'டைம்' இதழுக்கு முழு ஒலித்தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. நமக்கிருப்பவை பதினெட்டு இடங்கள்.

அவற்றில் இரண்டை 'ரோஜா'வுக்குத் தருகிறோம். தீவிரவாதிகளின் பிடியில் இருக்கும் கணவன் பிரிவில் பாடும் 'காதல் ரோஜாவே' ஒன்று. இசைக்கருவிகள் அனைத்தையும் நீக்கிவிட்டாலும் பாலசுப்பிரமணியத்தின் குரல் தனியே நின்று அந்தப் பாட்டைத் தாங்கும். மற்றொன்று, எவரும் எதிர்பார்க்கக்கூடிய 'சின்னச் சின்ன ஆசை'. ஊரறிந்த பாட்டை ஒதுக்கித் தம் தனிச்சுவையை நிலைநாட்டிக்கொள்ளும் இரசிகர்கள் உண்டு. நல்ல பாட்டு பலருக்கும் பிடித்துவிட்டது என்பதால் அது கெட்டுப்போவதில்லை.

இந்தப் பாட்டே ஒரு பட்டியல்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். வைரமுத்து இதில் கதை சொல்லவில்லை, காதல் சொல்லவில்லை; ஒரு கிராமத்துப் பெண்ணின் ஆசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். வயல், ஆறு, சேறு என்று கைக்கெட்டும் தொலைவில் இருப்பவையும், வானத்தில் இருப்பவையும் ஒரே வரிசையில், ஒரே எளிமையோடு நிற்கின்றன. சிறிய ஆசைக்கும் பெரிய ஆசைக்கும் நடுவே அந்தப் பெண் வேறுபாடு காண்பதில்லை. குழந்தைகள் இரவு செபத்தில் தம் விண்ணப்பங்களை அடுக்குவதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும்: தேர்வில் வெற்றியும், தொலைந்துபோன பந்தும், உலக அமைதியும் அங்கே அடுத்தடுத்து வரும். ரகுமான் இந்த அடுக்கைத் தொந்தரவு செய்யாமல், சிறு சிறு அசைகளாகத் துள்ளும் மெட்டொன்றைத் தந்தார். மின்மினி அதைத் திறந்த குரலில், அலங்காரமின்றிப் பாடினார். நான்கு வயதுக் குழந்தை பாடினாலும் இதன் மெட்டு சிதைவதில்லை. டிரான்சிஸ்டரிலும் சிதையவில்லை, நம் தெருவின் திருமண ஒலிபெருக்கியிலும் சிதையவில்லை.

அவ்வாண்டுத் தீபாவளிக்குக் கமல்ஹாசன் எழுதித் தயாரித்து, பரதன் இயக்கிய 'தேவர் மகன்' வந்தது. இசை இளையராஜா, பாடல்கள் வாலி. இரண்டு மாத இடைவெளியில் இப்படி இரண்டு படங்கள் வந்தால் ஊர் இரண்டாகப் பிரியாமல் என்ன செய்யும்? 1992-ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதுகளில் இசையமைப்பாளர் விருது ரகுமானுக்கும், பாடலாசிரியர் விருது வைரமுத்துவுக்கும் போயின. சிறந்த பின்னணிப் பாடகி விருது 'தேவர் மகன்' படத்துக்காக எஸ். ஜானகிக்கு வந்தது. 'இஞ்சி இடுப்பழகா' என்னும் அந்தப் பாட்டு நம் நாடாவின் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கிவைக்கிறது.

அது பிறக்கும் சூழ்நிலையை நினைவுகூர்வோம். விருப்பமின்றி மணந்த கணவன், புது மனைவியைப் பாடச் சொல்கிறான். அவளோ வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது என்று கூசுகிறாள். பிறகு மெல்ல, இசைக்கருவிகளின் துணையின்றி, பாட்டு தொடங்குகிறது. 1938-இல் பிறந்த ஜானகிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. திரையில் தோன்றும் ரேவதியின் கூச்சத்தை அவர் குரலில் நடிக்கவில்லை; பாடத் தெரியாத பெண் ஒருத்தி பாடினால் எப்படி இருக்குமோ, அந்தத் தயக்கத்தையே சுருதி பிசகாமல் பாடிவிடுகிறார். பெரும்பாடகி ஒருவர் தம் தேர்ச்சியை மறைத்துக்கொள்வதற்கு எத்துணைத் தேர்ச்சி வேண்டும்! பாடகர் குழுக்களில் தம் குரல் மற்றவர் குரலுக்கு மேலே கேட்கவேண்டும் என்று போட்டியிடும் நம் இளையோர் இதைப் பலமுறை கேட்பது நல்லது. கருவிகள் பின்னர் வந்து சேரும்போது அவை அந்தக் குரலின் பின்னேயே நடக்கின்றன.

இனிச் சற்றுக் கடினமான இடத்துக்கு வருகிறோம். 'தேவர் மகன்' படத்தின் பாடல்களில் மெட்டின் கம்பீரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் 'போற்றிப் பாடடி பெண்ணே' பாட்டுக்கே முதலிடம் தர வேண்டும். கேட்டதும் உடல் நிமிர்கிறது. நாட்டுப்புற மேளத்தின் நடையைக் குலையாமல் மேலெழும் அந்த மெட்டை இளையராஜாவைத் தவிர வேறொருவர் அமைத்திருக்க முடியாது. ஆனால் அது ஒரு சாதியின் பட்டப்பெயரை வாழ்த்தும் பாட்டு. படத்துக்குள் அதற்கு ஓர் எதிர்க்குரல் உண்டு. கதை முடியும்போது, அரிவாளைக் கீழே போடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றுதான் நாயகன் மன்றாடுகிறான். பாட்டு வெளியே வரும்போது அந்த மன்றாட்டை உடன் அழைத்து வரவில்லை. தென்மாவட்டங்களில் சாதி விழாக்களின் ஒலிபெருக்கிகளில் அது தனியே ஏறி அமர்ந்தது. அதைக் கேட்டு ஒரு தெரு ஆடியபோது அடுத்த தெரு கதவைச் சாத்திக்கொண்டது.

இசைக்குச் சாதி உண்டா, மெட்டு என்ன பாவம் செய்தது என்று கேட்பவர்களை நாம் அறிவோம். அவர்களில் பலர் நல்ல இரசிகர்கள். ஆனால் பாட்டு என்பது தாளில் எழுதிய சுரம் மட்டும் அன்று. யார் பாடுகிறார்கள், யார் காதில் விழும்படி பாடுகிறார்கள் என்பதும் பாட்டின் பகுதியே. 2023-இல் 'மாமன்னன்' படத்தின் பாடல் வெளியீட்டு விழாவில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே இயக்குநர் மாரி செல்வராஜ், 'தேவர் மகன்' தம்மை எவ்வளவு அலைக்கழித்தது என்பதையும், அதில் வடிவேலு ஏற்ற இசக்கி என்னும் பாத்திரமே மாமன்னனாகத் தமக்குள் எழுந்து நின்றதையும் சொன்னார். அதே வடிவேலு அந்தப் படத்தில் மாமன்னனாக நடித்ததோடு துயரம் தோய்ந்த பாட்டொன்றையும் பாடினார். அப்படத்துக்கு இசை ஏ. ஆர். ரகுமான். 1992-இல் எதிரெதிராக நின்றவை என்று இரசிகர்கள் கருதிய இரண்டு படங்கள், முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் இப்படி ஒன்றுக்கொன்று பதில் சொல்லின.

கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிச் சுவர் எழுப்பிப் பழகிய சமூகம் நம்முடையது. இந்தக் கேள்வி நமக்கு அயலாருடையது அன்று. 'போற்றிப் பாடடி பெண்ணே' நம் நாடாவில் இடம்பெறவில்லை. மெட்டுக் குறைவென்று அதை விலக்கவில்லை. நாடாவை இரவல் கொடுக்கும் வழக்கம் நமக்கு உண்டு. எந்த வீட்டுக்குக் கொடுத்தாலும் அந்த வீட்டார் கூசாமல் கேட்கும்படி அது இருக்க வேண்டும் என்ற ஒரு விதியை வைத்துக்கொண்டோம். இவ்விதியை ஏற்காதவர் தம் நாடாவில் அதைச் சேர்த்துக்கொள்ளட்டும். அவரோடு வாதிட ஆயத்தமாயிருக்கிறோம். பாட்டின் அழகைப் பற்றி மட்டும் வாதிட மாட்டோம், அதில் இருவர்க்கும் கருத்து ஒன்றே.

இதே படத்தில் ஊர்த் திருவிழாவில் அம்மனை வேண்டிப் பாடும் 'மாசறு பொன்னே வருக' என்ற பாட்டு அத்தனை பேர் பேச்சில் அடிபடுவதில்லை. நமக்கோ அவ்வாண்டின் தலைசிறந்த பாட்டு இதுவே. சமயம் வேறாயினும், கூடி நின்று வேண்டுவோரின் ஒருமித்த குரல் எப்படி ஒலிக்கும் என்பது ஆலயத்துக்குச் செல்லும் எவருக்கும் தெரியும். அந்த ஒருமை இப்பாட்டில் இருக்கிறது. பெண்குரல்கள் இரண்டு முன்னே நடக்கின்றன. ஒன்றை மற்றொன்று மிஞ்ச முயல்வதில்லை. ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொட்டுக்கொள்கிறது. தறியில் அறுந்த இழையைப் பிணைத்த இடம் துணியில் தெரியாதிருப்பதுபோல், குரல் மாறும் இடம் தெரிவதில்லை.

பாடியவர்கள் சுவர்ணலதாவும் மின்மினியும். ஆம், 'ரோஜா'வின் மின்மினியேதான். ரகுமான் பக்கமா இளையராஜா பக்கமா என்று ஊர் வழக்காடிக்கொண்டிருக்க, அந்தப் பெண் இரண்டு பக்கமும் பாடிவிட்டுப் போயிருந்தார். கேரளத்தில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து ரோசிலி எனப் பெயர் பெற்றவர். திரைக்கு வந்தபின் மின்மினி ஆனார். முதற்புகழ் வந்த சில ஆண்டுகளிலேயே அவர் குரலை இழந்தார். பாடகி ஒருவருக்குக் குரல் இல்லாமற்போவது என்னவென்று நினைத்துப் பார்க்கவே அஞ்சுகிறோம். அவருடைய பாட்டு நாடெங்கும் குழந்தைகளின் வாயில் இருந்த அந்த ஆண்டுகளில் அவரால் பாட முடியவில்லை. நெடிய இடைவெளிக்குப் பின் 2015-இல் 'மிலி' என்ற மலையாளப் படத்தில் அவர் மீண்டும் பாடினார். சுவர்ணலதாவோ 'கருத்தம்மா' படத்தின் பாட்டுக்காகத் தேசிய விருது பெற்று, பல மொழிகளில் பாடி, 2010 செப்டம்பரில் முப்பத்தேழாம் வயதில் காலமானார். 1992-இல் அவர் பாலசுப்பிரமணியத்தோடு பாடிய 'என்னைத் தொட்டு அள்ளிக்கொண்ட' என்ற பாட்டும் ('உன்ன நெனச்சேன் பாட்டுப் படிச்சேன்' படம்) நம் நாடாவில் இருக்கிறது. அதில் அவர் குரலில் உள்ள ஏக்கம் நடிப்பு என்று நம்ப நமக்கு இன்றும் மனம் வருவதில்லை.

நாடாவை இதுவரை நிரப்பியதைத் திரும்பிப் பார்த்தால் நாம் திட்டமிடாத ஒன்று தெரிகிறது. இசையமைப்பாளர்களின் ஆண்டு என்று பேசப்பட்ட 1992, பெண்குரல்களின் ஆண்டாக இருந்திருக்கிறது: ஐம்பத்தாறு வயதில் சுசீலா, ஐம்பத்து நான்கில் ஜானகி, தொடக்கத்தில் மின்மினி, நடுவே சுவர்ணலதா. சுவரொட்டிகளில் நாயகர்களின் முகமும், ஒலிநாடா உறையில் இசையமைப்பாளரின் பெயரும் பெரிதாக இருந்தன. இவர்கள் பெயர் உள்ளே மடித்த தாளில் பொடி எழுத்தில் இருக்கும். பதிவுக்கடைக்காரர்கள் அதையும் எழுதித் தரமாட்டார்கள்.

எஞ்சிய இடங்கள் சிலவற்றைச் சொல்லி முடிக்கலாம். 'தெய்வ வாக்கு' படத்தில் இளையராஜாவும் ஜானகியும் பாடிய 'வள்ளி வள்ளி என வந்தான்' இரண்டாம் பக்கத்தில் வருகிறது. பயிற்சி பெற்ற குரலும் பேச்சுக்குரலும் அருகருகே நடப்பதில் ஒரு சுவை இருக்கிறது. பாலசந்தர் இயக்கிய 'வானமே எல்லை' படத்திலிருந்து ஒரு பாட்டைச் சேர்க்க வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்துகிறார்கள். இசை மரகதமணி, தெலுங்கில் கீரவாணி என்று அறியப்படும் அவரே 2023-இல் ஆஸ்கர் விருது பெற்றவர். ரகுமான் 2009-இல் பெற்றார். பிற்காலத்தில் ஆஸ்கர் பெறவிருந்த இருவரும் 1992-இல் பாலசந்தரின் நிழலில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். நம் தேநீர்க் கடை வழக்கில் மரகதமணியின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. 'சிங்காரவேலன்' படத்துக்கு ஓர் இடம் வேண்டுமா என்பதில் இன்னும் முடிவு ஏற்படவில்லை. இளையவர்கள் வேண்டுமென்கிறார்கள்.

'புது வெள்ளை மழை' பத்தொன்பதாவதாக வெளியே நிற்கிறது. அதை உள்ளே விடவேண்டுமானால் 'வள்ளி வள்ளி'யை அடிக்க வேண்டும். நல்ல ஒலிபெருக்கி வாங்கும் எண்ணம் நமக்கு இப்போதைக்கு இல்லையாதலால், அடிக்கவில்லை.